தூசி அல்ல, பூநாரை

போன மாதம் என் தங்கை மகன் ஐஸ்லாந்து போய்வந்தான். ஒன்பது நாளில் நாலாயிரத்துச் சொச்சம் படம் எடுத்து, தேறியவை என்று அவன் கருதிய இருநூறை ஒரே இரவில் வாட்ஸப்பில் எனக்குத் தள்ளிவிட, என் கைப்பேசி இனி இடமில்லை என்று கையை விரித்தது. நாலு வருடமாகச் சேர்ந்திருந்த காலை வணக்கங்களை, குத்துவிளக்கும் ரோஜாவும் தத்துவமுமாக இருந்தவற்றை, ஒவ்வொன்றாக அழித்த பிறகுதான் அந்தப் பனித் தீவுக்குள் நான் காலெடுத்து வைக்க முடிந்தது.

படங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரிய மணல், அதன்மேல் உடைந்த கண்ணாடிப் பாளங்களாக ஒதுங்கிக் கிடக்கும் பனிக்கட்டி. எப்போதோ எரிமலை கக்கிய குழம்பு ஆறிப் பாறையாகி, பாசி பிடித்து, நம் ஊர்க் கோயில் குளத்துப் படிக்கட்டை மைல் கணக்கில் இழுத்துவிட்டது போல ஒரு வெளி. அந்த நாட்டில் பத்தில் ஒரு பங்கு பனிப்பாறைக்கு அடியில் கிடக்கிறது. எல்லாம் சரி, இருநூறு படத்தில் ஒரு மனுஷன் இல்லை. போனில் கேட்டேன்: "ஏண்டா, அந்த ஊர்ல ஆளே கிடையாதா?"

"நிறைய இருந்தாங்க மாமா. பஸ் பஸ்ஸா வந்து இறங்குறாங்க. நிக்க இடமில்ல."

"படத்துல காணோமே?"

"விரலால தேய்ச்சா போயிடுவாங்க மாமா."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். ஆளை அப்புறப்படுத்த நான் என்ன பாடு பட்டிருக்கிறேன்! கெஞ்சி, கைகாட்டி, 'கொஞ்சம் நகருங்க' என்று தொண்டை வறளக் கத்தி, பீடி வாங்கிக் கொடுத்து. அதுவும் ஐஸ்லாந்தில் அல்ல, சென்னைக்கு வடக்கே ஐம்பத்தைந்து, அறுபது கிலோமீட்டரில், பழவேற்காட்டில்.

பையன் வேலை பார்ப்பது நெதர்லாந்தில் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நானூறு வருடத்துக்கு முன் அந்த ஊர்க்காரர்கள் பழவேற்காட்டுக்கு வந்து, 1613இல் கெல்டிரியா என்று கோட்டை கட்டி, இங்கே நெய்த துணியை வாங்கிக் கப்பலேற்றினார்கள். கூடவே நம் ஆட்களையும் அடிமைகளாக வாங்கி ஏற்றினார்கள். இப்போது நம் பையன்களே சொந்தக் காசில் விமானமேறிப் போய் வேலை செய்து கொடுக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் மேடும்தான் மிச்சம். பாளையக்காட் கைலி என்று நம் அப்பாக்கள் கேட்டு வாங்கிக் கட்டினார்களே, அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இந்த ஊர்தான்.

நான் முதலில் அங்கே போனது 1984, தை மாதம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கலைஞன். தோளில் தொங்கியது பெரியப்பா மகனிடம் இரவல் வாங்கிய ஜெனிட் கேமரா. ரஷ்யக்காரன் செய்தது, அம்மிக் குழவியின் கனம், படம் சரியாக விழாவிட்டாலும் திருடனை அடிக்க உதவும் என்று அண்ணன் சொல்லியே கொடுத்தான். உள்ளே ஓர்வோ கறுப்பு வெள்ளை ரோல். அதுவும் பெட்டியில் வரும் புது ரோல் இல்லை, பெரிய டப்பா பிலிமை ஸ்டுடியோக்காரர் இருட்டறையில் முழம் போட்டு வெட்டி, பழைய கூட்டில் சுற்றிக் கொடுத்தது. முப்பத்தாறு படம் என்பார். சில நாள் முப்பத்து மூன்றோடு நின்றுவிடும், சில நாள் அவர் கை தாராளமாக இருந்தால் முப்பத்தெட்டு வரும். அந்த முப்பத்தேழாவது படம் கிடைக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, பேருந்தில் கண்டக்டர் சில்லறையைத் தப்பாக எண்ணி நாலணா கூடக் கொடுத்துவிட்ட சந்தோஷம். அதை இன்றைக்கு எந்தக் கடையில் போய் வாங்குவது?

ஆள் இல்லாத படம்தான் படம் என்ற ஞானம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், முதல் குற்றவாளி எங்கள் தெரு சலூன். கண்ணாடிக்கு மேலே சுவிட்சர்லாந்து பனிமலைக் காலண்டர். வருடம் போனாலும் மலை போகாது, தேதித்தாள் தீர்ந்த அட்டை அப்படியே தொங்கும். பிறகு 'சோவியத் நாடு' இதழ். அதன் வழவழத் தாளில் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டவர்களுக்குத் தெரியும், கணக்குப் புத்தகத்தின் முதுகில் ஏதோ ஒரு சைபீரியக் காடு ஆளரவமின்றி வருடம் முழுக்க நம்மோடு வரும். கடைசியாக, அண்ணா சாலை அமெரிக்க நூலகத்தில் ஆன்சல் ஆடம்ஸ் என்பவரின் யோசெமிட்டி படங்கள். மலை, மேகம், நிலா, மரம், அவ்வளவுதான். குளிரூட்டிய அறையில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வெயிலில் இறங்கியபோது நான் முடிவு கட்டியிருந்தேன்: தமிழ்நாட்டில் இத்தனை நாளாக நல்ல நிலக்காட்சிப் படம் வராததற்குக் காரணம் ஜனங்கள். எங்கே திருப்பினாலும் யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள்.

ஆக, ஜனங்கள் இல்லாத இடம் தேடி, விடிவதற்கு முன் கும்மிடிப்பூண்டி ரயிலேறி, பொன்னேரியில் இறங்கி, காலிக் கூடைகளோடு மீன் எடுக்கப் போகும் பெண்களுக்கு நடுவில் பேருந்தில் நசுங்கி, போய்ச் சேர்ந்தது ஒரு மீனவர் ஊரில். என் புத்தியை அங்கேயே சோதித்திருக்கலாம்.

ஏரி என்று நாம் சொன்னாலும் அது ஏரி இல்லை. கடலும் ஆறும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் காயல். சில்க்காவுக்கு அடுத்தபடி நாட்டில் பெரியது, பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, நம் பங்குக்குத் தெற்கு ஓரம். தெற்கே ஆரணியாறு, வடக்கே காளங்கி, கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல் தீவு. பல இடங்களில் ஆழம் இடுப்புக்கு மேல் வராது. நடந்தே கடலைக் கடப்பது போல மனிதர்கள் நடுத்தண்ணீரில் நின்று வலை கட்டிக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ புராணத்தில் நடப்பது போலிருக்கும். அப்போது எனக்கு அது புராணமாகத் தோன்றவில்லை. அவர்கள் எப்போது நகர்வார்கள் என்று பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நான் வந்தது பூநாரைக்காக. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கி, தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அரித்துத் தின்னும் அந்தப் பறவைகள் நின்றால் வெள்ளை. எழுந்து இறக்கை விரித்தால் மட்டும் உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பு திடீரென்று வெளியே வரும், இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து கூறைப்புடவையை உதறியது மாதிரி. அந்தச் சிவப்பைப் பிடிப்பதற்குத்தான் நான் கறுப்பு வெள்ளை ரோல் கொண்டுபோயிருந்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்று கேட்டிருப்பேன். கலர் ரோலின் விலை என் சம்பளத்தோடு பேச்சுவார்த்தைக்கே வராது. தவிர, கலர் என்பது கல்யாண வீட்டுக்காரர்களின் சமாசாரம், கலைஞனுக்குக் கறுப்பு வெள்ளை என்று ஒரு கொள்கையும் கைவசம் இருந்தது. காசில்லாதபோது கொள்கைகள் சீக்கிரம் முளைக்கும்.

படகுக்காரர் ஒருவர் அமைந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, தலையில் துண்டு, ஓரிடத்தில் நிற்காத ஆள். பேசும்போதுகூடக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். பாய் கட்டிய சின்னப் படகு. காற்று இருந்தால் பாய், செத்தால் மூங்கில் கழி. இரண்டு ரூபாயோ மூன்றோ கொடுத்ததாக ஞாபகம். நான் எழுந்து நின்று, ஆடுகிற படகில் காலை அகட்டி, அந்த அம்மிக் குழவியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, கேவலமான உத்தரவுகள் போட்டேன்: இன்னும் கிட்டே, சத்தம் வேண்டாம், நீங்கள் கொஞ்சம் குனியுங்கள், உங்கள் துண்டு வருகிறது. உயிர்காக்கும் சட்டை என்ற சொல்லைக்கூட அன்று யாரும் கேள்விப்படவில்லை. (2011 கிறிஸ்துமஸ் அன்று அதே நீர்ப்பரப்பில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன்பின் சவாரிக்குத் தடை வந்தது. செய்தியைப் படித்த நாளில் என் கால்கள் தரையில் இருந்தும் ஆடின.)

அவர் குனிந்தார். குனிந்தபடியே கேட்டார்: "இம்மாந் தூரம் வந்து வெறுந் தண்ணியப் படம் புடிக்கிறியே, இத்த யாரு தம்பி பாப்பாங்க?"

"உலகமே பார்க்கும்" என்றேன். அப்படித்தான் சொன்னேன், பொய்யில்லை.

அன்று பூநாரைகள் என்னை நூறு கஜத்துக்குள் விடவில்லை. படகு நெருங்க நெருங்க, கல்யாணப் பந்தியில் கூட்டம் நகர்வது போல அவசரமே இல்லாமல் மொத்தமாகத் தள்ளிப் போயின. என்னிடம் இருந்ததோ 58 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றே ஒன்று. கடுப்பில் நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "இன்னிக்கி உன் பாடு இல்ல தம்பி. விட்ரு."

நான் தத்துவம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது அங்கே சட்டம். பாடு என்றால் அந்த ஊர்களில் மீன்பிடிக்கும் இடமும் முறையும். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர்கள் தமக்குள் பேசி, சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் இன்று உனக்கு, நாளை எனக்கு. இறால் மொய்க்கிற இடமாக இருந்தாலும் தன் பாடு வராத நாளில் அங்கே கை நனைக்க முடியாது. படிப்பாளிகள் வந்து பக்கம் பக்கமாக ஆராய்ந்து எழுதிய ஏற்பாடு. இதை அவர் எனக்கு விளக்கியபோது கேட்டுக்கொண்டேனா? வெளிச்சம் போகிறதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ஆழமில்லாத சேற்றில் பெண்கள் சிலர் தண்ணீரோடு தண்ணீராகத் தவழ்ந்து வந்தார்கள். இருளர்கள். கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, அதற்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். முகமும் பறியும் மட்டும் தண்ணீருக்கு மேலே; பின்னால் சாயங்கால வெயில். உலகத்தில் எந்தப் புகைப்படக்காரனும் ரோலை மொத்தமாகத் தீர்த்துவிடும் காட்சி. நான் லென்ஸை மூடினேன். ஏழு படம்தான் பாக்கி, அது முகத்துவாரத்துக்கு என்று எடுத்து வைத்திருந்தேன்.

கரையில் இறங்கும்போது ரோல் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவைப் பெரியவர் ஆசையாகப் பார்த்தார். கொடுத்தேன். மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, 'டக்' என்ற அந்தச் சத்தத்தை நாலு முறை கேட்டுவிட்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொள்ளப் பொருத்தம் என்றார். அடுத்து நான் போன ஏழெட்டு முறையும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "டப்பா கீதா தம்பி?" எடுத்த படத்தைக் காட்டு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

படத்தைக் காட்டுவது அப்போது அப்படி ஒன்றும் லேசும் இல்லை. ரோலை ஸ்டுடியோவில் கொடுத்தால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் நடந்த விதமே வேறு. கணக்குப் பேரேட்டில் பற்று எழுதும்போதெல்லாம் மனதுக்குள் பதினான்காவது படம் கழுவப்பட்டு வந்துகொண்டிருக்கும். கழுவாத படம் போல அழகான படம் எதுவும் இல்லை. பதினோராவது நாள் போனேன். ஸ்டுடியோவில் டச்சிங் செய்கிறவர் ஒருவர் இருந்தார். நெகட்டிவில் தூசி ஒட்டினால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளி விழும், அதை மெல்லிய தூரிகையால் மை தொட்டு மறைப்பது அவர் கைவேலை. பெரிதாக்கச் சொல்லியிருந்த என் ஒரே பெரிய பிரிண்டை அவர் பெருமையோடு நீட்டினார். தண்ணீர், வானம், ஓர் ஓரத்தில் மணல்திட்டு. வேறொன்றும் இல்லை.

"நெகட்டிவ்ல தூசியான தூசி சார். ரெண்டு நாள் உட்கார்ந்து எல்லாத்தையும் எடுத்துட்டேன். உங்களுக்காக அதுக்குத் தனி சார்ஜ் போடல."

இரண்டு நாள் உட்கார்ந்து ஐநூறு பூநாரைகளை ஒவ்வொன்றாக மை வைத்துக் கொன்றிருந்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அழுகிற குரலில் திட்டுவதற்கு எனக்கு வரவில்லை. டச்சிங் செய்யாத இன்னொரு படத்தை ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். உள்ளே வைத்திருந்த சுயவிலாசமிட்ட உறையிலேயே திரும்பி வந்தது, பின்பக்கம் பென்சிலில் ஒரு வரி: 'நன்று. ஆள் இல்லையே?' அந்த ஆசிரியருக்கு ரசனை போதாது என்று நண்பர்களிடம் ஆறு மாதம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

ராக்கெட் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் பழவேற்காட்டில் வெடிமருந்து செய்தார்கள். அதே காயலின் மறுகரையில் 1971 முதல் ராக்கெட் விடுகிறோம், இரண்டு முறையும் மீனவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும், அன்று வலைகள் கரையில் காயும். 1987 மார்ச் 24, ஏ.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். கம்பெனிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்து, வெயிலில் நின்று, வடக்கே அடிவானத்திலிருந்து அந்த வெண்புகைக் கோடு எழுந்ததும் சுட்டேன், சுட்டேன், கை வலிக்கச் சுட்டேன். எண் முப்பத்தாறைத் தாண்டியது. முப்பத்தெட்டு, ஸ்டுடியோக்காரர் வாழ்க என்றேன். நாற்பது, நாற்பத்திரண்டு. அப்போதுதான் வயிற்றில் நிஜமாகவே வலி வந்தது. ரோல் பல்லில் மாட்டவே இல்லை; மூன்று மணி நேரமாக வெறுங் கேமராவைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் பேப்பரில் பார்த்தால், பக்கவாட்டுத் துணை ராக்கெட்டுகள் எரிந்து முடிந்தபின் அடுத்தது பற்றிக்கொள்ளாமல் ராக்கெட்டும் வங்காள விரிகுடாவில் விழுந்திருந்தது. அன்று பாடு இல்லாதவன் நான் மட்டும் இல்லை என்று ஓர் அற்ப ஆறுதல். என் ரோலாவது சேதமில்லாமல் மிஞ்சியது.

இதையெல்லாம் விட்டு முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கல்யாணம், பிள்ளைகள், முதல் டிஜிட்டல் கேமரா, அதற்குப் பின் கேமராவே வேண்டாம் என்றாக்கிய போன். எண்ணி எண்ணி எடுத்த காலத்தில் ஒவ்வொரு படமும் ஞாபகம் இருந்தது. எண்ணாமல் எடுக்கிற காலத்தில் போனே 'ஐந்து வருடத்துக்கு முன் இந்த நாள்' என்று ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் ஏதோ மின்கட்டண ரசீதின் படத்தைக் காட்டி.

மருமகன் இன்னொன்றும் சொன்னான். வட்னயோகுல் என்ற பெரும் பனிப்பாறையின் ஓரத்தில் யோகுல்சார்லோன் என்று ஒரு காயல். பனி பின்வாங்கிப் போனதால் 1930களில் உண்டாக ஆரம்பித்தது, இன்று சுமார் 250 மீட்டர் ஆழம். சின்ன வாய் ஒன்றின் வழியாகக் கடலோடு சேர்ந்திருக்கிறது. 'நம்ம பழவேற்காடு மாதிரிதான் மாமா, கொஞ்சம் ஜில்லுனு' என்றான். அங்கே வருடா வருடம் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து, பனி எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்களாம். ஓக் என்ற ஒரு பனிப்பாறை செத்தேபோய், 2019இல் அதற்கு நினைவுப் பலகையே வைத்தார்கள். எனக்கு இது பிடித்துப்போயிற்று. பரணிலிருந்து பழைய நெகட்டிவ்களை இறக்கி, கான்டாக்ட் பிரிண்ட் தாள்களைத் தட்டி எடுத்து, அதே இடத்தில் நின்று அதே படத்தை மறுபடி எடுப்பது என்று கிளம்பினேன்.

இடம்தான் கிடைக்கவில்லை. நாங்கள் படகில் கடந்த தண்ணீரின் மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் ஆட்டோ போகிறது. நான் அசையாது என்று நம்பி ஏழு படம் செலவழித்த முகத்துவாரம், மணல் மூடி, இன்னோர் இடத்தில் திறந்து, அதையும் தூர்த்து, தன் வழியில் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. தெற்கு வானத்தில் வெறும் மேகம் இருந்த பக்கம் இப்போது வடசென்னை அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும். மாறாமல் நின்றவை ஒல்லாந்தர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள்தான். நின்ற போஸைக் கலைக்காமல் முன்னூறு வருடத்துக்கு மேலாகப் படத்துக்குக் காத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கரையில் முழங்கை நீள லென்ஸ்களோடு இருபது பேர். முக்காலிகள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள, ஒருவர் படத்தில் மற்றவர் தொப்பி வந்துவிடாமல் மரியாதையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கும் சீட்டுப் போட்டுப் பாடு பிரித்துக் கொடுத்தால் நல்லது. பூநாரைகள் அதே நூறு கஜத்தில். லென்ஸ் நீண்டதற்குப் பறவை என்ன செய்யும்? ஆனால் அந்த லென்ஸ்களில் கண்ணின் மஞ்சள் வளையம்வரை தெரிகிறது. ஒருவர் கூப்பிட்டுத் தன் கேமராத் திரையில் காட்டினார், பொறாமையில் என் பல் கூசியது. அவர்களுக்குப் பின்னால், மீனவப் பையன் ஒருவன் படகு முனையில் போனைக் கட்டிவைத்துவிட்டு, 'வணக்கம் மக்களே' என்று பச்சை நண்டு பிடிப்பதை உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். உலகமே பார்க்கும் என்று நான் சொன்னேனே, அது இவனுக்குப் பலித்திருந்தது. ஒவ்வொரு வீடியோவுக்கும் லட்சம் பேர் என்றான், அலட்டிக்கொள்ளாமல்.

இடம் விசாரிக்க அவனிடமே கான்டாக்ட் தாளை நீட்டினேன். தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிய முப்பத்தாறு படங்கள். நல்லவற்றுக்குச் சிவப்புக் கட்டம், கெட்டவற்றுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாளின் மேல் இரண்டு விரலை வைத்து அகட்டினான். பெரிதாகவில்லை. மறுபடி அகட்டினான். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்து, தாளைக் கண்ணருகே கொண்டுபோனான்.

"யம்மோவ்! இங்க வா!"

இருபத்து மூன்றாவது படம். பெருக்கல் குறி போட்டது. விடியல் வெளிச்சம் போதாமல் ஷட்டரைத் தணித்து எடுத்தது. குனியச் சொல்லியிருந்த பெரியவர் அந்த முப்பதில் ஒரு பங்கு நொடிக்குள் நிமிர்ந்துவிட்டார். கீழ் ஓரத்தில் துண்டு கட்டிய தலை, ஒரு தோள், கழி, எல்லாம் ஆட்டம் கண்டு, தண்ணீரில் கரைத்த மாதிரி. எத்தனை நாள் திட்டியிருக்கிறேன் இந்தப் படத்தை.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கள நவுரு நவுருன்னு வெரட்டிக்கினே இருப்பீங்களே, அந்த சாரா நீங்க?"

ஆமாம் என்று சொல்வதைத் தவிர வழியில்லை. அவர் பெரியவரின் மகள். பத்து வயதில் பாவாடையோடு கரையில் நின்று எந்தப் படத்திலாவது வந்துவிடப் பார்த்த கூட்டத்தில் ஒருத்தி. அப்பா போய் இருபத்தைந்து வருடம் ஆயிற்றாம். ரேஷன் கார்டில் இருந்த குடும்பப் படம் எப்போதோ தண்ணீர் பட்டுப் போயிற்றாம். வேறு படமே கிடையாது. நான் முந்நூறு படமாவது அந்த ஊரில் எடுத்திருப்பேன்.

பேரன் அதற்குள் இருபத்து மூன்றைத் தன் போனில் பிடித்து, ஏதோ ஒரு செயலியில் கொடுத்துவிட்டான். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருமாம். அரை நிமிடத்தில் ஒரு முகம் வந்தது. கண், மூக்கு, மழித்த கன்னம், சிவந்த நிறம், பல்தேய்க்கும் பசை விளம்பரத்தில் அப்பாவாக வருகிறவர் மாதிரி ஒருவர், எங்கள் பெரியவரின் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு.

"இது யார்ரா?" என்றார் அம்மா.

"தாத்தாம்மா. கிளியர் பண்ணிருக்கு."

"இவுரு எவுரோ." தாளின் கலங்கல் படத்தைத் தொட்டார். "இதான் எங்கப்பா. ஒரு எடத்துல நிக்க மாட்டாரு."

பெரிதாக்கித் தருகிறேன் என்றேன், சட்டம் போட்டு. மாலை போட வாகாக இருக்கட்டும், ஆளை மட்டும் பெரிதாக வைக்கச் சொன்னார். பிறகு, கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, படத்தின் மேல்பாதியை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தார்.

"மேல தூசி மாதிரி என்னமோ கீது சார். அத்த மட்டும் தொடச்சிட்டுக் குடுங்க."

வீட்டுக்கு வந்து நெகட்டிவைக் கணினியில் ஏற்றினேன். பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாப் படங்களிலும் பூநாரைகள் கிட்டே வந்திருந்தது இதில்தான்; இரண்டு இறக்கை விரித்துக்கூட இருந்தன. எண்ணினேன், அறுபத்து நான்கு. மருமகனுக்குப் போன் செய்து எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். அவன் சொன்னது சரிதான். விரலால் தேய்த்தால் போய்விடுகின்றன.